நீண்ட சாலைக்கு ஒரு கால்தாங்கி

கோவில்பட்டிக்குப் போகிற சாலை நீள ஆரம்பித்த வருஷத்தில் அதை முதன்முதலாகக் கண்டுகொண்டது சர்வேக்காரர்களும் இல்லை, பேருந்து ஓட்டுகிறவரும் இல்லை, குருசுப்பட்டியில் பூக்கட்டிப் பிழைக்கிற சலேத்தம்மாள்தான். முப்பது வருஷமாக அவள் காலை முதல் பேருந்தில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி உறுமிக் கிளம்பும்போது செபமாலைச் சிலுவையை முத்தி செய்து ஆரம்பித்தால், ஐம்பத்துமூன்று மணியும் உருண்டு, மாதா பிரார்த்தனையும் முடிந்து, கடைசி ஆமெனுக்கும் பூ மார்க்கெட் நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட இடம் இருக்காது. அந்த வருஷம் சாம்பல் புதன் கழிந்த மறுவாரம், ஆமென் சொல்லித் தலைநிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே மார்க்கெட்டைக் காணோம், உடைமரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பத்து மணியை முழுங்கிவிட்டோம் போல என்று பயந்து, மறுநாள் ஒவ்வொரு மணியையும் விரலால் நசுக்கி நசுக்கிச் சொன்னாள். அன்றைக்கும் செபம் தீர்ந்தது, சாலை தீரவில்லை.

"தம்பி, ரோடு நீளுதுப்பா" என்று கண்டக்டரிடம் சொன்னாள்.

"நீளட்டும்க்கா. எங்க டிப்போவுல லீவுதான் நீள மாட்டேங்குது" என்றார் அவர்.

பங்குனி முடிவதற்குள் முப்பத்தெட்டு கிலோமீட்டர் நூறாகி, சித்திரையில் இருநூறாகி, வைகாசியில் நானூறைத் தாண்டியது. எந்த இடத்தில் நீள்கிறது, எப்போது நீள்கிறது என்று கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. போகிறவர்கள் போகப் போக அது இருந்தது, அவ்வளவுதான். காட்டு வழியாகக் குறுக்கே நடந்து பார்த்தவர்களும் அதே தூரம்தான் நடந்து, கால் வீங்கி வந்து சேர்ந்தார்கள். வாயைப் பிளந்துகொண்டு நிற்க யாருக்கும் நேரம் இல்லை. பிச்சி மொட்டு மார்க்கெட் போகுமுன் விரிந்து வதங்கியதால், பூக்காரர்கள் அதைப் பிஞ்சாகவே கிள்ளப் பழகினார்கள். பால்காரர் பாலாக ஏற்றியதைத் தயிராக இறக்கி, பிற்பாடு மோராக இறக்கி, கடைசியில் நெய்யாகவே ஏற்றிவிட்டார். பேருந்துக்குள் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு ஏறியது, கம்பியில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், அதே பேருந்தில் ஒரு கல்யாணம் பேசி முடிந்தது, ஒரு பெண்பிள்ளை பிறந்தது, பிறந்த ஊர் எது என்று யாருக்கும் சொல்லத் தெரியாததால் பதிவேட்டில் 'வழியில்' என்று எழுதிக் கொடுத்தார்கள். புதிதாக முளைத்த தூரத்தில் ஊர் கிடையாது, மைல்கல்லில் எண் கிடையாது, இரண்டு பக்கமும் யார் பேரிலும் இல்லாத காடு. ஆட்டுக்காரர்களுக்கு அது ஒன்றுதான் கொண்டாட்டம். வி.ஏ.ஓ. ஒருநாள் வந்து, கையில் இருந்த டேப்பைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், "மேல எழுதிப் போடுறேன்" என்று போனார், போனவர் திரும்பி வரவில்லை. ஊரில் இருந்த ஒரே காரை அதன் சொந்தக்காரர் நூறாவது கிலோமீட்டரிலேயே டவுனுக்கு ஓட்டிக்கொண்டுபோய் அங்கேயே தங்கிவிட்டார். ஆம்புலன்ஸ் ஒருமுறை வந்தது, அதோடு சரி.

மற்றவர்களுக்கெல்லாம் சாலை நேரத்தைத்தான் தின்றது; சலேத்தம்மாள் வீட்டில் அது ஆளையே தின்ன வந்தது.

அவள் புருஷன் தொம்மை கரிமூட்டம் போடுகிறவர். இருபது வருஷம் புகைக்குள் நின்றும் ஒரு தும்மல் போடாத மனுஷனுக்கு, போன வருஷம் இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோயின. வாரத்துக்கு இரண்டு தடவை கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலையில் போய் மாலையில் வந்துகொண்டிருந்தவர், போக ஒன்றரை நாள் வர ஒன்றரை நாள் ஆன பிறகு வாரத்துக்கு ஒரு தடவைதான் போக முடிந்தது. முகம் உப்பி, பாதம் உப்பி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தே தூங்கினார்.

கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் பவுலின் தூரம் ஐம்பதாக இருந்தபோதே போனில் அழுதாள். "அப்பாவ எங்க வீட்டுல விட்டுருங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"மருமகன் வீட்டுல கட்டில் போட்டுப் படுத்து, சம்பந்தகாரி கையால கஞ்சி வாங்கிக் குடிக்கவா?" என்று தொம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏ சலேத்து, நான் சொல்றதக் கேட்டுக்கோ. நான் எங்க செத்தாலும் என்னைய இங்க கொண்டாந்துரணும். எங்கய்யா பக்கத்துல ஒரு குழி எடம் கெடக்கு. அங்கதான் போடணும். கொண்டாருவியா, மாட்டியா?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. கொண்டாருவேன்."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

வற்புறுத்தி அனுப்பியிருக்கலாம். நாளைக்கு நின்றுவிடும், நாளைக்கு நின்றுவிடும் என்று அவளும் இருந்துவிட்டாள். ஐம்பதில் அனுப்பாதவள் நூறில் அனுப்பவில்லை, நூறில் அனுப்பாதவளுக்கு முந்நூறில் அனுப்ப மனசு வரவில்லை, ஏனென்றால் முந்நூறில் போகிறவர் திரும்பி வர மாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தொம்மையைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது மகன் அமலதாஸ். அவனிடம் ஒரு பெரிய டூரிங் மோட்டார் சைக்கிள் இருந்தது. சிநேகிதர்களோடு காஷ்மீர் வரைக்கும் போகப்போகிறேன் என்று இரண்டாம் கையாக வாங்கி வந்தபோது ஊரே சிரித்தது. "இத என்ன எழவுக்குய்யா வாங்கினான்? பால் கறக்குமா, உழுகுமா?" என்று கேட்டார்கள். இப்போது அந்த எருமைதான் ஊரில் ஓடுகிற வண்டிகளிலேயே வேகமானது. அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்து ஒரு போர்வையால் கட்டிக்கொண்டு, ஒன்றரை நாள் காலை மடக்கியே ஓட்டிப் போய், அப்படியே ஓட்டி வருவான். இறங்கும்போது வலது முட்டி நிமிராது. திண்டாடித் திண்டாடி நொண்டுவான். பூசையில் முழங்கால் போட வேண்டிய நேரத்தில் அவன் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த அன்றுதான், சலேத்தம்மாள் அவனையும் வண்டியோடு கூட்டிக்கொண்டு மெக்கானிக் பால்பாண்டியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

பால்பாண்டி கெட்டிக்காரன். தூரம் நூறைத் தொட்டபோதே, இனி முட்டிதான் இந்த ஊரின் பெரிய வியாதி என்று கண்டுகொண்டு, டவுனில் இருந்து ஒரு சாக்கு நிறைய ஹைவே ஃபுட்ரெஸ்ட் என்கிற கால்தாங்கி வாங்கி வந்து போட்டிருந்தான். வண்டி விழுந்தால் இஞ்சினில் அடிபடாமல் இருக்க முன்னால் வைத்திருக்கிற இரும்பு கார்டில் பொருத்திவிட்டால், நேர் சாலையில் காலை முன்னால் நீட்டி அதில் வைத்துக்கொள்ளலாம். கார்டு இல்லாத மொபெட்டுக்காரர்கள் வீடு கட்ட வாங்கிய கம்பியை வளைத்துப் பற்றவைத்துக்கொண்டு, ஊருக்குள்ளும் நாற்காலியில் சாய்ந்த மாதிரி காலை நீட்டியே வந்தார்கள். கோழிகளுக்கு மட்டும்தான் அது பிடிக்கவில்லை.

"வாங்கக்கா. எப்பவும் நீங்கதான் பூவ விரிச்சுக் காட்டுவீக, இன்னைக்கு நான் காட்டுறேன்" என்று பால்பாண்டி சாக்கை விரித்து மூன்று ஜோடியை வரிசையாக வைத்தான்.

முதலாவது, ரப்பர் சுற்றிய ஒல்லிக் கம்பி. சலேத்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் குதிகாலை அதில் வைத்து அழுத்திப் பார்த்தாள். "இது எலும்புல குத்துதேப்பா" என்றாள். "ஆமாக்கா, இஞ்சின் அதிர்வு பூராம் ஏறும், நூறு கிலோமீட்டர்ல காலு மரத்துரும்" என்றான். இரண்டாவது, அம்மிக்கல் மாதிரி அகலப் பலகை. கால் வைத்ததும் சுகமாக இருந்தது, எடுக்கவே மனசு வரவில்லை. "சுகந்தான். ஆனா மடங்காது. வண்டி சாஞ்சா அது தரையில ஊனி, திரும்பி வந்து காலத்தான் ஒடிக்கும்" என்றான். மூன்றாவது நடுத்தர அகலம், மேலே பள்ளம் பள்ளமான ரப்பர், வேர்ப்பக்கம் ஒரு கீல். தட்டினால் இறக்கை மாதிரி மேலே மடங்கியது.

சலேத்தம்மாள் அதை நாலு தடவை மடக்கினாள், நாலு தடவை விரித்தாள்.

"இதுதான். விழுந்தா எம்பிள்ள காலு மடங்குறதுக்கு முந்தி இது மடங்கணும்."

"நல்லா பாத்துத்தான் எடுத்திருக்கீக. ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன். கால் அங்க போச்சுன்னா பிரேக்கு தூரமாயிரும். ஆடு மாடு வர்ற எடத்துல நீட்டவே கூடாது. நேர் ரோட்டுல மட்டுந்தான்."

"அறுநூறு கிலோமீட்டருக்கு அங்க என்னப்பா இருக்கு, வளைவா நெளிவா?" என்றான் அமலதாஸ்.

அவனை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார்கள். நன்றாகப் பின்னால் சாய்ந்து, காலை எங்கே நீட்டினால் முட்டிக்குச் சுகமோ அங்கே நீட்டு என்றாள் அம்மா. அவன் நீட்டிய காலை, அந்தரத்தில் அப்படியே இருக்கச் சொல்லி, பூக்கட்டுகிற வாழைநாரால் இடுப்பில் இருந்து குதிகால் வரை அளந்து ஒரு முடிச்சுப் போட்டாள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பால்பாண்டி பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கார்டுக் குழாயில் சுற்றி, அதன்மேல் கிளாம்பின் இரண்டு பாதியையும் கவ்வ வைத்து, இந்த போல்ட்டில் ஒரு சுற்று, அந்த போல்ட்டில் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினான். "ஒரே பக்கமா முடுக்கினா கவ்வு கோணிக்கிடும்க்கா." ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொன்னாள். முடிச்சும் கால்தாங்கியும் ஒரு விரற்கடைகூடத் தப்பாமல் பொருந்தின. அமலதாஸ் சாய்ந்து காலை நீட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். மூன்று மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

தொம்மை அப்போது வீட்டில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரை வெயிலில் இழுத்துவர வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பின்சீட்டில் ஓர் அரிசி மூட்டையையாவது தூக்கி வைத்துப் பார்ப்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். மருந்துப் பை, துணிப் பை, தண்ணீர்க் கேன் எல்லாம் கட்டி, அதற்கு முன்னால் தொம்மையை உட்காரவைத்து, போர்வையைச் சுற்றி முடிச்சுப் போட்டபோது அமலதாஸ் ஒரு சாணுக்கும் மேல் முன்னால் தள்ளப்பட்டுப் பெட்ரோல் டேங்கை ஒட்டிக்கொண்டான். அப்படியே காலைத் தூக்கிக் கால்தாங்கியில் வைத்தான். முட்டி இரண்டும் முழங்கைக்கு மேலே வந்து நின்றன.

"என்னலே இது, வெட்டுக்கிளி மாதிரி உக்காந்திருக்க?" என்றார் தொம்மை பின்னால் இருந்து.

வழியனுப்ப வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பால்பாண்டி ஸ்பேனரோடு ஓடி வந்து குனிந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தான். "இன்னும் முன்னாடி தள்ள எடமில்லையேக்கா. கார்டு இதோட முடியுது. நீட்டுப் பட்டை ஒண்ணு போடணும், அது கோவில்பட்டியில இருந்துதான் வரணும்."

"அளந்தது நான்தானே" என்றாள் சலேத்தம்மாள். "ஒத்த ஆளு தனியாப் போறதுக்கு அளந்துட்டேனே."

அமலதாஸ் காலைக் கீழே பழைய இடத்துக்கே மடக்கிக்கொண்டு, "போம்மா, சரியாத்தான் இருக்கு, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். தொம்மைக்கு மட்டும் கேலி விடவில்லை. "ஏ சலேத்து, எதுக்கு மூஞ்சியத் தூக்குற? நான்தான் நாளுக்கு நாள் தேஞ்சுக்கிட்டு வர்றேனே. இன்னும் நாலு நடை போயிட்டு வந்தா அவனுக்கு எடம் தன்னால கெடச்சுரும்."

அவள் அவர் உப்பிய பாதத்தைப் பிடித்துச் செருப்பைச் சரியாக மாட்டிவிட்டாள். வண்டி போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலமே கோயிலில் சகாய மாதா நவநாள் ஆரம்பித்தாள். சாலை சுருங்க வேண்டும் என்று ஒன்பது நாள் செபம். சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் முன்னால் நின்று சொல்ல, நாற்பது ஐம்பது பேர் பின்னால் சொன்னார்கள். முழுச் சாலையும் வேண்டாம், ஓர் ஆள் போய்ச் சாகாமல் திரும்பி வருகிற அளவுக்காவது சுருக்கிக் கொடு தாயே என்று சலேத்தம்மாள் வாய்க்குள் சேர்த்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, வெயில் சாய்கிற நேரத்தில் அவள் ஊர் முகப்பில் கல்சிலுவை நிற்கிற குருசடிக்குப் பக்கத்தில் நின்றாள். காய்ந்த காட்டுக்கு நடுவே சாலை கானலில் நெளிந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு புள்ளி வந்தது, அது வண்டி ஆயிற்று, வண்டியில் ஓர் ஆள் தெரிந்தான். அவன் நன்றாகப் பின்னால் சாய்ந்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டி, இரண்டு பாதமும் இரண்டு கால்தாங்கியிலும் பதிந்திருக்க வந்துகொண்டிருந்தான். அவள் அளந்த அளவு அப்படியே பொருந்தியிருந்தது. முட்டி மடங்கவில்லை. முதுகு நெருக்கப்படவில்லை. அவனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. குருசடிப் படியில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

அமலதாஸ் வண்டியைச் சாய்த்துவிட்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"மெஷின்ல போட்டு எடுத்து நல்லாத்தான்மா கெளம்பினாரு. நேத்து மத்தியானம் பேசிக்கிட்டே வந்தாரு. இப்பிடி ஒரு காடு கெடக்கே, நாலு மூட்டம் போட்டா எம்புட்டுக் கரி எடுக்கலாம்னாரு. அப்புறம் பேச்சக் காணோம். தூங்குறாருன்னு நெனச்சேன். தலை என் தோள்ல சாஞ்சுருச்சு. நெனச்சுக்கிட்டே ஓட்டுனேன்மா, தூங்குறாரு தூங்குறாருன்னு. நாப்பது கிலோமீட்டர் ஓட்டுனேன். கட்டியிருந்ததால அவரு விழல."

அவள் முந்தானையை விலக்கி அவனைப் பார்த்தாள்.

"எதுக்க வந்த உப்பு லாரிக்காரங்க ரெண்டு பேரு பாத்துட்டு நிறுத்தினாங்க. தம்பி, உங்கப்பாவ எறக்குன்னாங்க. ஊருக்குக் கொண்டு போகணும்னு சொன்னேன். எம்புட்டுத் தூரம்னாங்க, சொன்னேன். வெயிலப் பாருய்யா, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்குமான்னாங்க. லாரியில மம்பட்டி இருந்துச்சு. வேலிக்கருவைக்கு ஓரமா, நல்ல மண்ணா பாத்துத் தோண்டினோம். அந்தப் போர்வையிலேயே சுத்தித்தான்..."

"தலை எந்தப் பக்கம் வச்ச?"

"நம்ம ஊருப் பக்கம்மா."

"செபம் சொன்னியா?"

"தெரிஞ்சதச் சொன்னேன். லாரிக்காரரும் அவருக்குத் தெரிஞ்சதச் சொன்னாரு. கல்லு குவிச்சு, மேல அப்பா ஹெல்மெட்ட வச்சிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி மீட்டர்ல ஜீரோ போட்டிருந்தேன். அந்த எடத்துல முன்னூத்தி நாப்பத்தேழு."

துக்கம் கேட்க வந்த ஊர், மறுநாள் காலையிலேயே இதைப் பற்றி யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. உபதேசியார்தான் சொன்னார்: "சலேத்தம்மா, நவநாள் பாதியில நிக்குது. இப்ப விட்டுறக் கூடாது. ரோடு சுருங்குச்சுன்னா, அதுல இருக்கிற தொம்மையும் கூடவே கிட்ட வந்துருவாருல்ல?"

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. பள்ளிக்கூட வாத்தியார் தாளில் கணக்குப் போட்டு, சாலை பழையபடி முப்பத்தெட்டு ஆனால் கல்லறை ஊரில் இருந்து பதினாறாவது கிலோமீட்டரில் வந்து நிற்கும் என்றார். பதினாறு கிலோமீட்டர் ஒரு டிராக்டருக்கு என்ன தூரம்? அங்கிருந்து எடுத்துவந்து அவர் சொன்ன இடத்திலேயே வைத்துவிடலாம். நாலு பேர் போய்த் தொம்மையின் அப்பா பக்கத்தில் குழியும் வெட்டி வைத்தார்கள். மூன்று நாள் அந்த ஊர் செபித்த மாதிரி எந்த ஊரும் செபித்திருக்காது. ஆடுகளை மலைக்குப் பத்திவிட்டு ஆட்டுக்காரர்கள் வந்தார்கள், பால்பாண்டி விபூதியோடு வந்து கடைசி வரிசையில் கைகட்டி நின்றான், வாயில் பல் இல்லாதவர்கள்கூடச் சத்தமாகச் சொன்னார்கள். சலேத்தம்மாள் தொண்டை கட்டிப்போய்ச் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். கொண்டுவருவேன் என்று மாதாவின் பேரில் சொல்லியிருக்கிறேன், மாதாதான் கொண்டுவர வேண்டும் என்று அசைத்தாள்.

ஒன்பதாம் நாள் காலை, எட்டு மணிக்குக் கிளம்பிய பேருந்து ஒன்பது மணிக்குக் கோவில்பட்டியில் இருந்தது.

போன் மேல் போன் வந்தது. மொட்டாக ஏறிய பூ மொட்டாகவே இறங்கிற்றாம். பால் பாலாகவே போய்ச் சேர்ந்ததாம். ஊர் முகப்பில் வெடி போட்டார்கள், டீக்கடையில் எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். சலேத்தம்மாள் பால்பாண்டி செய்துகொடுத்த இரும்புச் சிலுவையை மடியில் வைத்துக்கொண்டு மகனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள், பின்னால் டிராக்டர் வந்தது.

பதினாறாவது கிலோமீட்டரில் மிளகாய்க் காடு இருந்தது. அது யாருடைய காடு, எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வேலிக்கருவை இல்லை, கல் குவியல் இல்லை, ஹெல்மெட் இல்லை. பதினேழில் பார்த்தார்கள், இருபதில் பார்த்தார்கள், கோவில்பட்டி வரைக்கும் ஒவ்வொரு புளியமரமாகப் பார்த்தார்கள். எல்லாம் பழைய மரங்கள். எண் இல்லாத மைல்கல் ஒன்றுகூட இல்லை. வந்த தூரம் அத்தனையும் போய்விட்டது. போன தூரத்துக்குள்ளே தொம்மையும் போய்விட்டார். டிராக்டர்க்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பினார்.

அமலதாஸ் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு உடைந்துபோய் அழுதான். "நான் பொதச்சேன்மா. என் கையால மண்ணு தள்ளினேன்மா. நம்பும்மா."

"நம்புறேன் யய்யா" என்றாள். அவன் கையை எடுத்துப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் அந்த மண் இருந்தது. நாம் எல்லாரும் சேர்ந்துதானே கேட்டோம், கேட்டதை மாதா கொடுத்துவிட்டாள் என்று அவள் நினைத்தாள். அதற்குமேல் நினைக்கப் பயந்து, "ஆஸ்பத்திரி வாசலுக்கு விடு" என்றாள்.

வாசலில் நின்று, "மீட்டர்ல ஜீரோ போடு. ஊரப் பாத்து ஓட்டு. முன்னூத்தி நாப்பத்தேழு வர்ற வரைக்கும் ஓட்டு" என்றாள்.

"ரோடே முப்பத்தெட்டுதானம்மா."

"திரும்பித் திரும்பி ஓட்டு."

அவன் ஓட்டினான். ஊர் முகப்பு வந்ததும் திருப்பினான், ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் திருப்பினான். முதல் தடவை ஊர் முகப்புக்கு வந்தபோது வெடி போட்டுக்கொண்டிருந்தவர்கள், கிடைத்துவிட்டது போல என்று கை தட்டினார்கள். அடுத்த தடவை வந்தபோது தட்டிய கை அந்தரத்தில் நின்றது. அதற்கடுத்த தடவை டீக்கடையில் பேச்சு நின்றது, வாத்தியார் மட்டும் எதையோ விரல்விட்டு எண்ணி, தன் கணக்குத் தாளைக் கிழித்துப் போட்டார். வழிநெடுக உள்ள ஊர்க்காரர்கள், யார் இவர்கள், எதைத் தொலைத்துவிட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிற்பாடு அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே ஆடு மாட்டை ஓரம் கட்டினார்கள். சலேத்தம்மாள் மகன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, தொம்மை எப்படி உட்கார்ந்து போயிருப்பாரோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். அமலதாஸ் முட்டியை மடக்கியே ஓட்டினான். ஒன்பதாவது முறை முடிந்து குருசடி வந்தபோது உபதேசியார் கையைக் குறுக்கே நீட்டி, "போதும் தாயி. எறங்கிக் கொஞ்சம் கஞ்சி குடிங்க" என்றார்.

"இன்னும் அஞ்சு இருக்கு" என்றாள் அவள்.

ஊரில் இருந்து திரும்பி ஐந்தாவது கிலோமீட்டரில் அமலதாஸ் பிரேக்கை மிதித்தான். ஒரு பக்கம் உழுத காடு, மறுபக்கம் செல்போன் டவர், நடுவில் தார். முந்நூற்று நாற்பத்தேழு என்று மீட்டர் காட்டியது. வண்டியின் சக்கரம் சாலையின் நட்டநடுவில் நின்றது.

"இங்கயா?"

"மீட்டர்படி இங்கதான்மா."

சிலுவையை நட அங்கே மண் இல்லை. அதை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவள் தாரில் முழங்கால் போட்டாள். தார் கொதித்தது. ஒரு பரலோக மந்திரம் சொன்னாள். பிறகு குனிந்து, பயணம் போகிறவர் நெற்றியில் போடுவதுபோல, அந்தத் தாரின்மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். இளகியிருந்த தார் விரலில் ஒட்டிக்கொண்டது. "உங்கள நான் கொண்டாரல. நான்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்" என்றாள், வெகு மெதுவாக.

கோவில்பட்டிப் பேருந்து வந்து பின்னால் நின்றது. ஓட்டுகிறவர் ஹாரன் அடிக்கவில்லை. ஆனால் உள்ளே பூக்கூடையும் பால்கேனுமாக ஆட்கள் நெருக்கியடித்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. எத்தனை நாள் காத்துக்கிடந்து இன்றைக்குத்தான் போகிறார்கள்.

"வண்டிய ஓரங்கட்டு யய்யா" என்றாள். எழுந்து ஓரத்துக்கு வந்து, பேருந்தைப் பார்த்து, "போங்கப்பா, போங்க" என்று கையைக் காட்டினாள்.

பேருந்து அந்த இடத்தின்மேல் ஏறிப் போயிற்று. அதன் பின்னால் பால் வேன் போயிற்று, அதன் பின்னால் இரண்டு லாரி, கல்யாண வீட்டுக் கார் ஒன்று, சவாரிக்கு ஆள் ஏற்றிய ஆட்டோ. ஒவ்வொன்றும் ஏறுகிறபோது சலேத்தம்மாள் தார் ஒட்டிய தன் கட்டைவிரலை மற்றக் கையால் இறுகப் பொத்திக்கொண்டாள்.